தலைவாஸ் அணிக்குப் போகும் வழி எந்தத் தெருவில் தொடங்குகிறது?

காணும் பொங்கலன்று குமராட்சிப் பக்கம் ஒரு ஊரில் இரவுக் கபடி. சோடியம் விளக்கு, ஒலிபெருக்கி, சுற்றிலும் கயிறு. ஆட்டம் முடிந்து தோளில் மண்ணோடு வந்து உட்கார்ந்த தம்பி ஒருவன் என்னிடம் கேட்டான்: "அண்ணே, தலைவாஸ்ல நம்மள எடுப்பாங்களா?" கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கிறான். இடது கார்னர். அவன் கணுக்காலைப் பிடித்தால் விடுவித்துக்கொண்டு போனவரை நான் பார்த்ததில்லை. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். வீட்டில் கோப்பைகள் வைக்க இடமில்லாமல் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

"முயற்சி செய், கிடைக்கும்" என்று சொல்லி எழுந்துவிடலாம். மேடையில் பேசுகிறவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது பொய்யாகப் பட்டது. அதனால் கணக்குப் போட்டேன்.

புரோ கபடி லீக் 2014இல் 8 அணிகளோடு தொடங்கியது. 2017இல் தமிழ் தலைவாஸ் உட்பட நான்கு அணிகள் சேர்ந்து 12 ஆயிற்று. ஓர் அணியில் குறைந்தது 18 பேர், அதிகபட்சம் 25 பேர். ஆக, எல்லா அணிகளும் முழுதாக நிரம்பினாலும் நாடு முழுமைக்கும் 300 இடம். அதில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு ஒரு பங்கு. முந்தைய ஆண்டிலிருந்து தக்கவைக்கப்பட்டவர்களுக்குப் பெரும்பங்கு. மீதிக்குத்தான் ஏலம். 2023 ஏலப் பட்டியலில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தப் பட்டியலில் கல்லூரி மாணவர்களுக்கென்று திறந்த கதவு ஒன்றும் இருந்தது: கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியின் கபடி இறுதியாட்டத்திற்கு வந்த இரண்டு அணிகளின் 24 பேர் ஏலப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். கவனியுங்கள், அணியில் அல்ல, பட்டியலில்.

தம்பியின் கல்லூரி மண்டலப் போட்டியில் வெல்ல வேண்டும். அவன் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாக வேண்டும். அந்த அணி தென்மண்டலத்தைத் தாண்டி, அகில இந்திய அளவில் மேலே வந்து, கேலோ இந்தியாவில் இறுதியாட்டம் வரை போக வேண்டும். அதற்குப் பிறகும் யாராவது கையைத் தூக்கினால்தான் உண்டு. இதல்லாமல் அணிகளே நேரடியாக இளம் வீரர்களைத் தெரிவு செய்து ஒப்பந்தம் போடும் வழியும் இருக்கிறது. அந்தத் தெரிவு நடக்கும் ஊருக்கு யார் சொல்லி அனுப்புகிறார்கள், யார் பயணச் செலவு கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை.

பணத்தையும் பார்த்துவிடுவோம். அணி ஒன்றின் மொத்தச் செலவு வரம்பு 5 கோடி ரூபாய். 2024 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் சச்சின் தன்வார் என்ற ஒரே ரைடருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தது. மிச்சத்தில்தான் மற்ற எல்லோரும். கடைசிப் பிரிவின் அடிப்படை விலை 9 லட்சம். கொள்ளிடக்கரைக் கூலித் தொழிலாளி வீட்டுக்கு 9 லட்சம் பெரிய பணம், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு பருவத்து ஒப்பந்தம். முட்டி போனால் அடுத்த வருடம் பெயர் இருக்காது.

இந்தக் கணக்கு எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் ஒன்றுதானே, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஏல அரங்கில் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லைதான். அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே சல்லடை வேலையை முடித்துவிடுகிறது.

முதல் சல்லடை மைதானம். ஊர்த்தெருவுக்குத் திடல் உண்டு. சேரிக்கு அறுவடை முடிந்த வயல்தான் திடல். தை மாதம் நெல் அறுத்த பிறகு வரப்பை வெட்டித் தளம் போடுகிறார்கள். அடுத்த உழவுக்குள் ஆடி முடித்துவிட வேண்டும். லீக் ஆட்டம் நடப்பதோ செயற்கை விரிப்பில், காலணி போட்டு. மண்ணில் ஆடிய கால் விரிப்பில் வழுக்காமல் திரும்பப் பழகவே மாதக்கணக்காகும். தம்பி முதன்முதலில் விரிப்பில் கால் வைத்தது கல்லூரிக்கு வந்த பிறகு, பத்தொன்பது வயதில். 2024இல் தமிழக அரசு 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் விளையாட்டுக் கருவிகள் கொடுத்தது. நல்ல திட்டம். எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் அந்தப் பொருள்கள் இருக்கும் அறையின் சாவி யார் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று கேட்டால் பதில் ஊர்த்தெருவைக் காட்டுகிறது. சாவி கேட்கப் போகும் பையன் வாசலில் நிற்க வேண்டும். ஒரு முறை நிற்பான். மறுமுறை போக மாட்டான்.

இரண்டாவது சல்லடை பயம். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பகுதியில், தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடியில் தங்கள் பிள்ளையின் அணி வென்றதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். கபடியில் விரல் என்றால் என்ன என்று ஆடியவர்களுக்குத் தெரியும். சங்கிலி பிடிக்க, கணுக்காலைக் கவ்வ, கோட்டைத் தொட எல்லாமே விரல்தான். தொடக்கூடாது என்று விதி போட்ட சமூகத்தில், தொட்டால்தான் புள்ளி என்கிற விளையாட்டு இது. தொட்டுத் தோற்கடித்துவிட்டுத் தன் கோட்டுக்குத் திரும்பும் சேரிப் பையனைச் சிலரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கபடிப் போட்டிகளின் சுவரொட்டியையும் பனியனையும் பார்த்தால் யாருடைய போட்டி, யார் வரலாம் என்பது தெரிந்துவிடும். அனுமதி கேட்டு வரும் வழக்குகளில் சீருடையில் சாதி அடையாளமோ தலைவர்கள் படமோ கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிபந்தனை போட வேண்டியிருந்தது என்றால் நிலைமை என்னவென்று விளங்கிக்கொள்ளலாம். பனியனில் படத்தை எடுத்துவிடலாம். அழைப்பிதழ் எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்பதை எந்த நிபந்தனை பிடிக்கும்?

அப்படியானால் மணத்தி கணேசன் எப்படி வந்தார் என்று உடனே கேட்பார்கள். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார், அர்ஜுனா விருது பெற்றார், 2025இல் மாரி செல்வராஜ் அவர் வாழ்க்கையைத் தழுவி 'பைசன்' எடுத்தார். கண்ணகி நகர் கார்த்திகாவும் வந்தாரே? வந்தார். சென்னையின் சேரிகளிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்களின் குடியிருப்பிலிருந்து போய், 2025 அக்டோபரில் பக்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். அரசு 25 லட்சம் கொடுத்தது. கைதட்டினோம், கண் கலங்கினோம். ஆனால் அவர் ஆடப் போவதற்கு எந்த லீக் இருக்கிறது? புரோ கபடி நடத்துகிறவர்கள் 2016இல் மூன்று அணிகளை வைத்துப் பெண்களுக்கு ஒரு போட்டி நடத்திப் பார்த்தார்கள். அதோடு அது நின்றது. அந்த நிர்வாகத்தின் கணக்கில் பெண்களுக்கான இடம் 300இல் ஒன்றுகூட இல்லை.

சாதித்தவர்களைக் காட்டிச் சாதியே இல்லை என்று நிறுவுவது புதிய தந்திரமல்ல. 1911இல் இங்கிலாந்து போன இந்திய கிரிக்கெட் அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் பல்வங்கர் பாலு. சாமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் உயர்சாதியினரோடு ஆடும்போது அவருக்குத் தேநீர் வெளியே, தனி மண்குவளையில். பந்தை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். இந்துக்கள் அணிக்குத் தலைவராக அவரை ஒருபோதும் ஆக்கவில்லை. (பின்னாளில் இதே பாலு 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்து நிறுத்தப்பட்டுத் தோற்றார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். நம்மிலிருந்து மேலே வந்தவரை யார், எதற்குப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பதும் இந்த வரலாற்றில் இருக்கிறது.)

தமிழ் தலைவாஸில் தமிழர்கள் குறைவு என்று முதல் பருவத்திலிருந்தே ஒரு குறை உண்டு. 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கிக் கொடுத்த தர்மராஜ் சேரலாதன் தமிழ்நாட்டுக்காரர். திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு அது போதும். அந்தக் குறை நியாயமானது. ஆனால் தமிழன் என்று பேசுகிறவர்கள் அடுத்த கேள்விக்கு வருவதில்லை: எந்தத் தமிழன்? ஊர்த்திடலில் ஆட விடாமல் துரத்தப்பட்டவனும் அதில் உண்டா? தென்னாப்பிரிக்கா 2016இல் தன் தேசிய கிரிக்கெட் அணிக்கே இலக்கு வைத்தது: ஆண்டுக்கணக்கின் சராசரியில் ஆடும் பதினொருவரில் ஆறு பேர் வெள்ளையரல்லாதவர், அதில் இருவர் கறுப்பின ஆப்பிரிக்கர். அதற்கு முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே எண்ணுவதற்கே ஆளில்லை. தனியார் லீக்கில் இடஒதுக்கீடு கேட்டால் 'தகுதி' போய்விடும் என்பார்கள். மண்ணில் ஆடியவனையும் விரிப்பில் வளர்ந்தவனையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டு அளக்கும் தகுதி அது.

கல்லூரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்த்துக்கொள்கிறார்கள். கட்டணம் இல்லை அல்லது பாதி. பையன்களும் பெருமையாகத்தான் போகிறார்கள். மூன்று ஆண்டு கல்லூரிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பிறகு கையில் ஏழெட்டு அரியரோடு வெளியே வருகிறவர்களை எனக்குத் தெரியும். தம்பியோடு ஆடிய ஒருவனுக்குத் தோள்பட்டை விலகியபோது அவன் படித்த கல்லூரி மருத்துவச் செலவில் ஒரு ரூபாய் தரவில்லை. அடுத்த ஆண்டு விடுதியிலும் இடமில்லை. 2022 ஜூலையில் இதே கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிப் பக்கம் ஒரு கல்லூரி மாணவர் கபடிக் களத்திலேயே உயிரை விட்டார். எத்தனை ஊர்ப் போட்டிகளில் ஆம்புலன்ஸ் நிற்கிறது? காப்பீடு என்ற சொல்லையாவது யாராவது ஒலிபெருக்கியில் சொல்லிக் கேட்டதுண்டா?

தம்பிக்கு நான் சொன்ன பதில் லீக்கைப் பற்றியதல்ல. இந்த நாட்டில் கபடிக்காரனைச் சோறு போட்டுக் காப்பாற்றியது ரயில்வேயும் காவல்துறையும் வங்கிகளும்தான். நிரந்தர வேலை, ஓய்வூதியம், கூடவே ஆட்டம். அங்கே இடஒதுக்கீடும் இருந்தது. அந்த இடங்கள் சுருங்கச் சுருங்க, அந்த வெறுமையில்தான் நான்கு மாத ஒப்பந்தமும் தொலைக்காட்சி வெளிச்சமும் நுழைகின்றன. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும் கோப்பைகளில் ஒன்றுகூடச் செல்லாது. பல்கலைக்கழக அணிக்கு ஆடியதற்கான படிவம் மூன்று வேண்டும். மாநில அணிக்கு ஆடியவனுக்குப் படிவம் இரண்டு. பையன்கள் நாற்பது ஊர்ப் போட்டியில் எலும்பை முறித்துக்கொள்கிறார்கள். இந்தப் படிவங்களின் பெயர்கூட அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. தம்பி பல்கலைக்கழக அணிக்கு இரண்டு முறை ஆடியிருக்கிறான். யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

சிதம்பரத்தில் சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது எழுத்தை நம் தெருவுக்குக் கொண்டுவந்தார். தீண்டாமை பற்றி நாடு முழுதும் ஆய்ந்து 1969இல் அறிக்கை தந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய இளையபெருமாள், காட்டுமன்னார்கோயில் மண்ணின் பிள்ளை. அந்த வழியில் வந்த நாம் இன்றைக்குக் கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒரு செயற்கை விரிப்பு, ஒரு பயிற்றுநர், ஆடும் பிள்ளைக்கு முட்டை கூடுதலாக. ஒன்றியத்துக்கு ஒரு பொதுத்திடல், ஊர்க் கட்டுப்பாட்டில் அல்ல, அரசின் பொறுப்பில். அனுமதி பெறும் ஒவ்வொரு போட்டிக்கும் காப்பீடும் ஆம்புலன்சும். விளையாட்டுக்காகச் சேர்த்த மாணவன் பட்டம் முடிக்கும்வரை கல்லூரிக்குப் பொறுப்பு. லீக் அணிகள் தமிழ்நாட்டில் தெரிவு நடத்தினால் அது விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வழியாக ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும் எழுத்தில் வர வேண்டும். சி.முட்லூருக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் உட்பட.

போன வாரம் தம்பி போன் செய்தான். பல்கலைக்கழகத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டானாம். "தலைவாஸ் ட்ரயலுக்கும் போவேண்ணே" என்றான். போகட்டும், போக வேண்டும். பேருந்துக் கட்டணத்துக்கும் காலணிக்கும் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பணம் போட்டிருக்கிறோம். ஒன்பதாம் எண் காலணி குமராட்சியில் கிடைக்கவில்லை. சிதம்பரம் போய்த்தான் வாங்க வேண்டும்.