காமிரா எந்தப் பக்கம் நிற்கிறது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மாமல்லபுரத்தில் காமிராவுக்குப் பஞ்சமில்லை. கடற்கரைக் கோயிலைப் படம் பிடிப்பார்கள். அர்ச்சுனன் தபசைப் படம் பிடிப்பார்கள். குறுக்கே மீன்கூடையோடு ஒரு பெண் போனால் அவளையும் பிடிப்பார்கள். அப்படிப் பலமுறை பிடிக்கப்பட்டவர் என் தாயார். யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. எந்த நாட்டில், யார் வீட்டு ஆல்பத்தில் அவர் இருக்கிறாரோ, எங்களுக்குத் தெரியாது.

காமிராவை வேறு விதமாகக் கையாண்ட ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பெங்களூரைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர் தீபா தன்ராஜ்.

ஆவணப்படம் என்றதும் நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். நம் மூத்த பேராசிரியர்களைக் கேட்டால், திரையரங்குகளில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடிய பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படங்களைச் சொல்வார்கள். அணை திறப்பு, வெள்ள நிவாரணம், அமைச்சர் வருகை! அவற்றிலும் பெண்கள் உண்டு. ஆனால் வரிசையில் நிற்பார்கள், பேசமாட்டார்கள்.

அவர்களைப் பேச வைக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் 1980இல் 'யுகாந்தர்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். தீபா தன்ராஜுடன் ஆபா பையா, மீரா ராவ், ஒளிப்பதிவாளர் நவ்ரோஸ் கான்ட்ராக்டர் ஆகியோர் அதில் இருந்தனர். 1981 முதல் 1983 வரை நான்கு படங்கள் எடுத்தனர். பூனாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் சங்கம் அமைத்ததைச் சொல்வது 'மோல்கரீன்'. கர்நாடகத்தின் நிபாணியில் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்கள் ஒன்றுசேர்ந்ததைக் காட்டுவது அடுத்த படம். குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமையை, ஐதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனாவோடு சேர்ந்து, 'இதி கதா மாத்ரமேனா' என்று தெலுங்கில் எடுத்தனர். இமயமலையில் மரங்களைக் காக்கப் போராடிய ஒரு பெண்ணின் கதை 'சுதேஷா'.

இவர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பியவர்கள் அல்லர். நிபாணிப் பெண்களோடு மாதக்கணக்கில் பழகி, எதை எடுப்பது, எப்படி எடுப்பது என்பதை அவர்களோடு பேசியே முடிவு செய்தார்கள். எடுத்த படங்களைப் பெண்கள் அமைப்புகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் எடுத்துச் சென்று காட்டினார்கள். படம் முடிந்த பின் பேச்சு தொடங்கும். அந்தப் பேச்சுக்காகவே படம் எடுத்தார்கள் என்றும் சொல்லலாம்.

சென்ற விடுமுறையில் நிபாணிப் படத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் தாயாரும் வந்து அருகில் அமர்ந்தார். படமோ மராத்தி, கீழே ஓடிய எழுத்தோ ஆங்கிலம். நான் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். புகையிலைத் தூளைக் கண்டதும், "இதுக்கு நம்ம கருவாட்டு நெடியே தேவலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இத்தனை பேர் உட்கார்ந்து பேசறாங்களே, முதல்ல வாயைத் திறந்தது யாரு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்தான் பேசினார். செங்கற்பட்டுக்கு மீன் கொண்டுபோன ஒரு நாள், நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து நடுவழியில் இறக்கிவிட்டார்களாம். கூடையைச் சுமந்துகொண்டு திருக்கழுக்குன்றம் வரை நடந்தாராம். அப்போது நான் அவர் வயிற்றில் ஏழு மாதம். இருபது ஆண்டுகளாக அவர் இதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்காதது மட்டுமா? கல்லூரி விண்ணப்பத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியவள் நான். பெயர் கேட்காமல் படம் பிடித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

"ஆவணப்படம் நடுநிலையாக இருக்க வேண்டாமா? இவர் பெண்கள் பக்கமே நிற்கிறாரே?" என்று சிலர் கேட்கக்கூடும். இடமாறு தோற்றப் பிழையை நாம் ஆய்வுக்கூடத்தில் படித்திருக்கிறோம். கண் தவறான இடத்தில் இருந்தால் அளவும் தவறும். கண்ணை நகர்த்தி நேராக வைப்பது ஒருதலைப்பட்சம் ஆகுமா? இத்தனை காலம் ஒரே பக்கம் நின்ற காமிராவை அவர் நகர்த்தி வைத்தார். 1991இல் வந்த 'சம்திங் லைக் எ வார்' படத்தில், குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களின் பக்கமிருந்து பார்த்தார். ஆண்கள் மட்டுமே அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜமாஅத்துக்கு மாற்றாக, 2004இல் நம் தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்கள் தமக்கென ஜமாஅத் ஒன்றை அமைத்தார்கள். புதுக்கோட்டை ஷரீபா கானம் முன்னின்ற அந்த முயற்சியை 2011இல் 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' என்று படமாக்கினார்.

எடுப்பதும் காட்டுவதும் போலவே காப்பதும் ஒரு தொண்டு. யுகாந்தர் படங்கள் எல்லாம் பழைய பிலிம் சுருள்கள். அவற்றைப் பெர்லின் நகரின் ஆர்சனல் நிறுவனம் புதுப்பித்துக் கொடுத்ததால்தான் இன்று நாம் பார்க்க முடிகிறது. நம் எழுத்தாளர் அம்பை 1988இல் மும்பையில் தோழியருடன் தொடங்கிய 'ஸ்பாரோ' காப்பகம் பெண்களின் குரல்களையும் படங்களையும் சேர்த்துவைக்கிறது. பெர்லினிலும் மும்பையிலும் நடப்பது செங்கற்பட்டில் நடக்கக் கூடாதா?

நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே! நம் கல்லூரியில் மாதம் ஒரு படம் காட்டலாம். ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் கைகோத்தால் அவற்றுக்குத் தமிழ் விளக்கம் எழுதிவிடலாம். பிறகு கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை, வலை பின்னும் இடங்களுக்கே கொண்டுபோய்க் காட்டலாம். அங்கே எழும் பேச்சைப் பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் பதிவு செய்து நம் நூலகத்தில் வைக்கலாம். இதற்குப் பெரிய காமிரா தேவையில்லை. நம் கைப்பேசியும், கேட்கும் பொறுமையும் போதும்.

முதலில் வாயைத் திறப்பது யார் என்று என் தாயார் கேட்டார். அவருக்கு நான் தரக்கூடிய பதில் ஒன்றுதான். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் 'மீன் விற்பனை' என்று எழுதப்போகிறேன்.