ஓடுதே சார்!

பாரிவாக்கத்திலிருந்து உங்கள் கணக்கு வாத்தியார். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துத் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பெண்ணுக்கு என் கம்ப்யூட்டரைத் தருவதாகச் சொல்லியிருந்தேன். தருமுன் தூசி தட்டி, பிராசசருக்குப் புது பேஸ்ட் வைக்கச் சொல்லி ஒரு கடையில் விட்டேன். திரும்பி வந்தபோது 16 ஜிபி ராம், 8 என்று காட்டியது. "ராம் போயிடுச்சு சார், புதுசு போடணும்" என்றார்கள். இரண்டு ராமையும் இடம் மாற்றிப் பார்த்தோம். இரண்டும் நன்றாகவே இருந்தன. ஒரு ஸ்லாட்தான் செத்திருந்தது. பேரன் பிராசசரைக் கழற்றி, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். சாக்கெட்டில் இரண்டு பின் மட்டும், பிரேயரில் வரிசை கலைத்து நிற்கும் பையன்கள் மாதிரி, சாய்ந்து கிடந்தன.

முன்பெல்லாம் பின்கள் பிராசசரின் அடியில் இருந்தன. இன்டெல் 2004-இல் அவற்றை மதர்போர்டு சாக்கெட்டுக்கு மாற்றியது. ஏஎம்டியும் சாதாரண வீட்டுக் கணினிகளுக்கு 2022-இல் அதே வழிக்கு வந்தது. என்னுடையதில் 1200 பின்கள். பல பின்கள் மின்சாரத்துக்கும் எர்த்துக்குமானவை. அதில் ஒன்று விலகினாலும் பக்கத்தில் இருப்பவை சுமந்துகொள்ளும், மெஷின் ஆன் ஆகிவிடும். ஆனால் ராமுக்குத் தகவல் கொண்டுபோகும் பின்னுக்கு மாற்று ஆள் கிடையாது. ராமை நிர்வகிக்கும் பகுதி இப்போது பிராசசருக்குள்ளேயே இருப்பதால், சாக்கெட் கோளாறு ராம் கோளாறு போல வேஷம் போடுகிறது.

லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலால் பேரன் நிமிர்த்தினான். நான் மூச்சுகூட விடவில்லை. 16 வந்துவிட்டது. கடைக்குப் போன் செய்தேன். "அப்புறம் என்ன சார், ஓடுதே!"

இந்த 'ஓடுதே'தான் எனக்கு ஆகாது. விடைத்தாளை முழுசாய்த் திருத்தாமல் பாஸ் போடுவதா? மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையைப் பென்டிரைவில் போட்டு, இரவு முழுக்க நான்கு சுற்று ஓட விட்டோம். இரண்டாவது சுற்றிலேயே மூன்று பிழை. ஒரு பின் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. இது முழுசாய்ச் சாவதைவிட மோசம். அந்தப் பெண்ணின் புராஜெக்டில் ஓர் எண் சத்தமில்லாமல் மாறி சேவ் ஆகியிருக்கும், பழி அவள் மேல் விழுந்திருக்கும்.

மறுபடி நிமிர்த்தி, மறுபடி சோதனை. நடுராத்திரி கரண்ட் போய், முதலிலிருந்து. கடைசியில் நான்கு சுற்றிலும் பிழை 0. ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை என்ற பேச்சே இதில் இல்லை. பிறகு பிரைம்95 போட்டுச் சில மணி நேரம் பிராசசரை வேலை வாங்கினோம். எல்லா யுஎஸ்பி போர்ட்டும், கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டும் பார்த்தோம். இரவெல்லாம் அணைத்து வைத்து, காலையில் ஆறிய நிலையில் ஆன் செய்தும் பார்த்தோம்.

சர்வீஸ் தொழிலில் இருக்கும் என் பிள்ளைகளே, பிராசசரைக் கழற்றினால் சாக்கெட்டை ஒரு போட்டோ எடுத்து வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். கை தவறுவது மனித இயல்பு, அதற்கு நான் யாரையும் திட்டமாட்டேன். மறைத்து ராம் விற்கப் பார்ப்பது வேறு கணக்கு.

எந்தப் பின்கள் வளைந்தன, என்னென்ன சோதித்தோம், இனி அவசியமில்லாமல் பிராசசரைக் கழற்றக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி கேபினட்டுக்குள் ஒட்டித்தான் கொடுத்தேன். "இதையெல்லாம் சொல்லணுமா சார்?" என்று அவள் அப்பா சங்கடப்பட்டார். அவளோ தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, "அந்த டெஸ்ட் பென்டிரைவையும் தருவீங்களா சார்?" என்றாள். கொடுத்துவிட்டேன்.