வாழ்த்த எழுந்து நிற்கையில்



உயிர்ப்புப் பெருவிழா முடிந்த கையோடு நமது மறைமாவட்டத்தில் திருமணக் காலம் தொடங்கிவிடுகின்றது. தலைமன்னாரிலிருந்து பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை ஈறாகத் தீவெங்கும், பாலத்தைக் கடந்தால் வங்காலை, அரிப்பு வரையும் வார இறுதிகளில் பந்தல்கள் எழுகின்றன. திருமணத் திருப்பலி ஒரு மணி நேரத்தில் நிறைவுறுகின்றது. அதன் பின் மண்டபத்தில் கேக் வெட்டியதும் ஒலிவாங்கி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறத் தொடங்குகின்றது. ‘டோஸ்ட்’ என்று சிலர் கிண்ணத்தை உயர்த்துகிறார்கள். ‘வாழ்த்துரை’ என்று சிலர் தாளை விரிக்கிறார்கள். இவ்வாரம் அதைப் பற்றியே எழுத விழைகின்றேன். இதுவும் ஒரு ஆன்மீகப் பொருளா என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

முதலில் என் குற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன். குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட புதிதில், திருமண விருந்தொன்றில் வாழ்த்துரை கூற அழைக்கப்பட்டேன். திருமணம் என்னும் அருட்சாதனத்தின் இறையியலை, குருமடத்தில் கற்றவாறே, இருபத்தைந்து நிமிடங்கள் விளக்கினேன். இறங்கி வந்தபோது முதிய தாய் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாதர், பூசையிலயும் சொன்னியள், இஞ்சயும் சொன்னியள். பிள்ளையள் பசியில நிக்குதுகள்” என்றார். குருமடத்தில் எனக்கு எவரும் கற்பிக்காத மறையுரையியல் பாடம் அது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018 ஆம் ஆண்டில் மறையுரை பத்து நிமிடங்களைத் தாண்டலாகாது என்றார்; 2024 ஆம் ஆண்டில் அதனையும் எட்டு நிமிடங்களாகக் குறைத்தார். ஆலயத்திலேயே எட்டு நிமிடங்கள் என்றால், சோறும் கறியும் ஆறிக்கொண்டிருக்கும் மண்டபத்தில் எவ்வளவு என்பதை வாசகரே கணித்துக் கொள்ளலாம்.

உண்மையில் இப்பொருள் திருவிவிலியத்துக்குப் புதியதன்று. சீராக்கின் ஞானநூலின் 32 ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். விருந்துக்குத் தலைமை ஏற்பவன் தன்னை உயர்த்திக்கொள்ளலாகாது; மூத்தோர் பேசலாம், ஆனால் இசைக்கு இடையூறு செய்யலாகாது; இளையோர் கேட்டுக்கொண்டால் மட்டும் பேசுவது நன்று; எவராயினும் சில சொற்களில் பல பொருளை அடக்கவேண்டும்; நேரத்தோடு எழுந்து வீட்டுக்குப் போகவேண்டும் என்றெல்லாம் அங்கே கூறப்பட்டுள்ளது. ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு எருசலேமில் எழுதப்பட்ட இவ்வரிகளை வாசிக்கையில், நம்மூர் மண்டபமொன்றில் அமர்ந்திருந்து எழுதினாரோ என்ற ஐயம் எனக்கு எழுவதுண்டு. விடியற்காலையில் உரத்த குரலில் அயலானை வாழ்த்துவது சாபமாகவே எண்ணப்படும் என்று நீதிமொழிகள் நூலும் (27:14) எச்சரிக்கின்றது. நம்மவரின் ஒலிபெருக்கிகளை அந்த ஆசிரியர் கேட்டதில்லை என்பதை நினைவிற் கொள்க.

விவிலியத்தில் வரும் வாழ்த்துக்கள் பல குறுகியவை. ஆரோனும் அவர் புதல்வரும் மக்களுக்கு வழங்கும்படி ஆண்டவர் மோசேயிடம் கற்பித்த ஆசி (எண் 6:24-26) எபிரேய மொழியில் பதினைந்தே சொற்கள்: முதல் வரியில் மூன்று, அடுத்ததில் ஐந்து, இறுதியில் ஏழு. ஒரு முழு இனத்தையும் வாழ்த்துவதற்குக் கடவுளுக்கு அவ்வளவு போதுமாயிருந்தது. எலிசபெத்து தம் வீட்டு வாயிலில் மரியாவைக் கண்டு உள்ளம் பொங்கிச் சொன்ன வாழ்த்தை எண்ணிப் பாருங்கள். மேடையில்லை, கூட்டமில்லை, களைத்து வந்த ஓர் இளம் உறவுக்காரிக்குச் சொல்லப்பட்ட இரண்டு வரிகள். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையைச் சொல்லும்போதெல்லாம் ஐம்பத்து மூன்று தடவைகள் அதனையே நாம் திருப்பிச் சொல்கிறோம்.

ஆயினும் என் உள்ளத்துக்கு மிகவும் நெருக்கமானது தோபித்து நூலில் வருவது. பார்வையிழந்திருந்த தோபித்து, மகன் கொண்டுவந்த மருந்தால் கண் திறந்த அதே நாளில், மருமகள் சாராவை எதிர்கொள்ள நினிவேயின் வாயிலுக்கு நடந்தே செல்கிறார். அந்தப் பெண்ணுக்கோ ஏழு கணவர்கள் முதலிரவிலேயே மாண்டுபோன கதை உண்டு. அவளுடைய தந்தையின் பணிப்பெண்ணே அதைச் சொல்லிப் பழித்திருந்தாள். அவமானம் தாங்காது சாகவே அவள் எண்ணியிருந்தாள். தோபித்தோ அவளை மகளே என்று அழைக்கிறார். அவளைக் கொண்டுவந்து சேர்த்த கடவுளைப் போற்றுகிறார்; அவளைப் பெற்றவர்களை வாழ்த்துகிறார்; மகிழ்வோடு வீட்டுக்குள் வா என்கிறார் (11:17). அந்த ஏழு பேரைப் பற்றி ஒரு சொல்லும் அவர் வாயில் வரவில்லை. சொல்லாமல் விட்டதும் அவருடைய வாழ்த்தின் ஒரு பகுதியே என்று நான் கருதுகிறேன்.

நம்முடைய தமிழ் மரபும் இதற்கு மாறானதன்று. அகநானூற்றின் 86 ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு பழந்தமிழ்த் திருமணத்தைக் காட்டுகிறார். பந்தலிட்டு, மணல் பரப்பி, விளக்கேற்றி, உழுந்தங்களியுடன் விருந்து நடக்கின்றது. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரை மணமகள் தலையில் சொரிந்து வாழ்த்துகிறார்கள்: கற்பிலிருந்து வழுவாமல், பல நன்மைகளுக்கு உதவியாயிருந்து, உன்னைப் பெற்றவன் விரும்பும் துணையாய் இரு என்பதே அதன் பொருள். மூலத்தில் இது ஏறக்குறைய இரண்டு அடிகள் மாத்திரமே. வாழ்த்துவோர் யார் என்பதையும் கவனியுங்கள். ஊர்த்தலைவரோ புலவரோ அல்லர். இல்வாழ்க்கையை வாழ்ந்து பார்த்த நான்கு பெண்கள். நம் மண்டபங்களில் ஒலிவாங்கி பெண்கள் கைக்கு எத்தனை தடவை போகின்றது?

மன்னாரில் கூத்தும் வாசாப்பும் இயற்றிய புலவர்கள் வாழ்ந்தார்கள். திருமணத்துக்கு வாழ்த்துப்பா எழுதி, அச்சிட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு மணமக்கள் கையில் கொடுக்கும் வழக்கமும் நம்மிடையே இருந்து வந்துள்ளது. பழைய வீடுகளின் சுவர்களில் திருவிருதயப் படத்துக்குப் பக்கத்தில் அவை தொங்குவதை வீடு மந்திரிக்கச் செல்லும்போது கண்டிருக்கிறேன். நின்று வாசித்தும் இருக்கிறேன். அவற்றிற் சிறந்தவற்றில் அந்த மணமகளும் அந்த மணமகனும் இருந்தார்கள். பின்னர் அச்சகத்தில் ஆயத்தமாயிருக்கும் பாடலில் பெயரை மட்டும் மாற்றும் பழக்கம் வந்தது. இப்போது கைத்தொலைபேசியிடம் கேட்டால் அதுவும் ஒரு வாழ்த்தை எழுதித் தருகின்றது. இலக்கணப் பிழை இருக்காது. மணமகள் சிறுமியாயிருக்கையில் எதற்குப் பயந்தாள், எதற்குச் சிரித்தாள் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட ஒன்றை இங்கே கூறவேண்டும். கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. போரின் இறுதிக் காலத்தில் அவளுடைய தந்தை காணாமற் போனவர். நமது முன்னாள் ஆயர், மறைந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னிலையில், வன்னியில் கணக்கில் வராதோர் 146,679 பேர் என்று கூறி அவர்களுக்கு என்ன நேர்ந்தது என வினவியதை வாசகர்கள் அறிவீர்கள். அத்தகைய வினா ஒரு திருமண வீட்டுக்குள் எப்படி நுழைகின்றது என்பதை அன்றுதான் கண்டேன்.

திருமணத்துக்கு இரண்டு நாட்கள் முன்பாக, மணமகளின் தாய்மாமன் அறைவீட்டுக்கு வந்தார். கடற்றொழிலாளி. மேடையில் ஒருபோதும் பேசியிராதவர். கையில் கொப்பித் தாள் ஒன்று. “பாதர், அத்தானைப் பற்றி எப்பிடிச் சொல்லுறது? காலஞ்சென்ற எண்டு சொன்னா அக்கா அதிலயே விழுந்திடுவா. இருக்கிறார் எண்டு சொல்லவும் ஏலாது. சொல்லாம விட்டா இன்னும் பிழை.”

என்னிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. கார்த்திகை மாதத்தில் இறந்தோருக்கான திருப்பலிக்குப் பெயர் கொடுக்கும்போது, அந்தத் தாய் கணவரின் பெயரை ஒருபோதும் எழுதிக் கொடுத்ததில்லை என்பதை நான் அறிவேன். அழைப்பிதழில் ‘அமரர்’ என்ற சொல்லையும் அவர் போட விடவில்லை. ஒரு அடைமொழிக்குள் அந்தக் குடும்பத்தின் பதினைந்து ஆண்டு காத்திருப்பு அடங்கியிருந்தது. “அவரைப் பற்றி உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்” என்று கூறி, அவரோடு சிறிது நேரம் செபித்து அனுப்பினேன்.

அன்று மண்டபத்தில் அவர் எழுந்து நின்றார். ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று ஆரம்பிக்கவில்லை. தாளைப் பார்த்தபடியே சொன்னார்: “இவள் சின்னவளா இருக்கேக்க, அத்தான் கரைக்கு வந்தா முதல் மீனை இவளின்ர கையிலதான் குடுப்பார். பிறகுதான் மற்றது ஏலத்துக்குப் போகும். இண்டைக்கு அவர் நிக்க வேண்டிய இடத்தில நான் நிக்கிறன். அந்த இடம் இப்பவும் அவருடையதுதான். தம்பி, முதல் மீனை நீங்களும் இவளின்ர கையில குடுங்கோ. மடு மாதா உங்கள் ரெண்டு பேரையும் காப்பாத்துவா.”

அவ்வளவே. ஒரு நிமிடமும் ஆகியிராது. தாய் அழுதார், ஆனால் விழவில்லை. மணமகனும் கடலுக்குப் போகிறவர், தலையசைத்தார். எல்லோர் கையிலும் இருந்தது சோடா. அயலவரான முஸ்லிம் குடும்பம் ஒன்றும் எங்களோடு கிண்ணம் உயர்த்தியது.

அந்தக் கிண்ணம் பற்றியும் ஒரு சொல். வாட்டிய பாண் துண்டை மதுக் கிண்ணத்தில் இடும் பழைய ஆங்கிலேய வழக்கத்திலிருந்தே ‘டோஸ்ட்’ என்ற பெயர் வந்தது என்பர். மதுவினால் எத்தனை வீடுகள் இருண்டன என்பதை நம் கரையோரத்துப் பங்குத்தந்தையர் நன்கு அறிவர். கிண்ணத்தில் என்ன இருக்கின்றது என்பதில் வாழ்த்து தங்கியிருப்பதில்லை. கானாவூரில் ஆண்டவர் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கினார் என்று எனக்கு நினைவூட்டுவோர் இருக்கிறார்கள். பெரும்பாலும் இரவு பத்து மணிக்குப் பின்னர். அவர்களுக்கு நான் நினைவூட்டுவது வேறொன்று: அந்த விருந்தில் ஆண்டவர் உரை ஏதும் ஆற்றவில்லை. பந்தி மேற்பார்வையாளர் மணமகனைக் கூப்பிட்டுப் பாராட்டியபோது, அது என் செயல் என்று அவர் குறுக்கிடவுமில்லை. பாராட்டு முழுவதையும் மணமகனுக்கே விட்டுவிட்டார். அன்னை மரியாவோ குறையை மகனிடம் ஒரு வரியில் சொன்னார். பணியாளருக்கு இன்னொரு வரி. நற்செய்திகளில் பதிவாகியுள்ள அன்னையின் இறுதிச் சொற்கள் அந்தத் திருமண வீட்டில் சொல்லப்பட்டவையே.

ஆகவே, வீட்டில் திருமணமோ, புதுநன்மையோ, பெற்றோரின் வெள்ளிவிழாவோ வருமாயின், வாழ்த்த இருப்பவர்கள் முதல்நாள் இரவே அமர்ந்து எழுதுங்கள். கொப்பித் தாளின் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அதிதிகளின் பட்டியல் வேண்டாம். அவர்கள் வந்திருப்பதை எல்லோரும் காண்கிறார்கள். சீதனத்தைப் பற்றியும் வெளிநாட்டைப் பற்றியும் பகிடி வேண்டாம். அந்தப் பகிடிக்கு மணமகளின் தந்தை சிரிக்கும் சிரிப்பை ஒருநாள் உற்றுப் பாருங்கள். நீங்கள் கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். மணமக்களைப் பார்த்துப் பேசுங்கள். நீங்கள் அவர்களுக்காக உண்மையில் செபிக்கப் போவது எதுவோ அதையே விருப்பமாகக் கூறுங்கள். எழுதியதை வீட்டிலுள்ள ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்க்கிறாரோ அந்த இடத்தை வெட்டிவிடுங்கள். குரல் தழுதழுத்தால் பாதகமில்லை.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் தமிழகத்திலும் வாழும் உறவினருக்கும் இது பொருந்தும். காணொளி அழைப்பு பாதியில் அறுந்துபோகின்றது. “கேக்குதா, கேக்குதா” என்பதே பல வேளைகளில் வாழ்த்துரையாக முடிகின்றது. நான்கு வரிகள் எழுதி அனுப்புங்கள். இங்கே ஒரு சிறு பிள்ளை நின்று அதை வாசிக்கட்டும்.

வாசித்து முடிந்ததும் தாளை மணமக்களிடமே கொடுத்துவிடுங்கள். அந்தத் தாய்மாமன் அப்படித்தான் செய்தார். அடுத்த ஆண்டு முதற் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் பெயர் பதிய அந்த இளம் தம்பதியர் வந்தபோது, திருமணச் சான்றிதழை எடுக்க அப்பெண் தன் செபப் புத்தகத்தைத் திறந்தாள். நான்காக மடித்த கொப்பித் தாள் முதலில் கீழே விழுந்தது.