எம்.ஆர்க்: ராங்க்கை விடுங்க, லைசென்ஸைப் பாருங்க

நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துக்கு எம்.எஸ். போக ஒரே சூத்திரம்தான் தெரியும். ராங்க் பட்டியலை எடு, மார்க்குக்கு ஒத்து வர்றதுக்கெல்லாம் அப்ளை பண்ணு, கெடைச்சதுல பெரிய பேரைப் புடி. கடனை சம்பளம் பார்த்துக்கும். பி.ஆர்க். படிச்ச பசங்களுக்கும் இதையே ஓதுறோம் பாருங்க, அது சரிப்படாதுங்கறது என் கட்சி.

எங்க கூத்தாநல்லூருக்கு 'சின்ன சிங்கப்பூர்'னு பேரு. தெருவுக்குத் தெரு சபுராளிங்க, அதாவது சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு சம்பாதிக்கப் போனவங்க. வெளிநாடுன்னா யாருக்கும் பயமே கிடையாது. தங்கச்சி முறை ஆகுற ஒரு பொண்ணு இப்ப அமெரிக்காவுல எம்.ஆர்க். படிக்க காலேஜ் தேடுது. வீட்டுல எல்லாரும் கேக்குறது, "எது டாப்?" நான் கேட்டது, "படிச்சிட்டு எந்த நாட்டுல பிளான்ல கையெழுத்துப் போடப் போறே?"

காரணம் இருக்கு. நம்ம நாட்டுல 1972 சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சில்ல பதிவு பண்ணவங்கதான் 'ஆர்க்கிடெக்ட்'னு போட்டுக்கலாம். அமெரிக்காவுல எம்.ஆர்க்.ங்கற ஒரே பேர்ல ரெண்டு சரக்கு விக்குது. ஒண்ணு என்.ஏ.ஏ.பி. அங்கீகாரம் உள்ள தொழில்முறைப் பட்டம். பெரும்பாலான மாநிலங்கள்ல லைசென்ஸுக்கு அதுதான் நேர் வழி. இன்னொண்ணு ஏற்கெனவே பி.ஆர்க். முடிச்சவங்களுக்கான மேல்படிப்பு. சீக்கிரம் முடியும், செலவும் கம்மி. ஆனா அதுக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. நம்ம 5 வருஷ பி.ஆர்க்.கைத் தனியா மதிப்பீடு பண்ணச் சொல்லி அலையணும். நம்ம பசங்க நிறைய பேர் பேரை மட்டும் பார்த்துட்டு ரெண்டாவதுல போய் உக்காருறாங்க.

அடுத்தது கணக்கு. லைசென்ஸுக்கு 3,740 மணி நேர அனுபவம் காட்டணும். வாரம் 40 மணி நேரம்னு வச்சாலும் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். படிச்சு முடிச்சதும் வேலை பார்க்கக் கிடைக்கிற ஓ.பி.டி. 12 மாசம்தான். அந்தப் படிப்பு ஸ்டெம் வகையில இருந்தா இன்னும் 24 மாசம். ஒரு காலேஜ்ல எம்.ஆர்க். ஸ்டெம், இன்னொண்ணுல இல்லை. இந்த ஒரு வரி எந்த ராங்க் பட்டியல்லயும் இருக்காது. நெலத்தை அடமானம் வச்சுப் போற குடும்பத்துக்கு இதானே முக்கியம்?

திரும்பி வர்றதா இருந்தா கேள்வியே வேற. எங்க ஊர்ல பழைய வீடுங்கள்ல முற்றம், தாழ்வாரம், காத்து. புதுசு எல்லாம் கண்ணாடி முகப்பு, அதுக்குள்ள ஏ.சி. 2018 நவம்பர்ல கஜா புயல் எங்க மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுச்சு. டெல்டா களிமண்ணு, புழுக்கம், புயல் இதுக்கெல்லாம் வீடு கட்டணும்னா பனி பெய்யற ஊரை விட நம்ம மாதிரியே வேர்க்குற சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் பொருத்தமா இருக்கலாம். ஜெர்மனியில பல அரசுப் பல்கலைக்கழகங்கள்ல ஃபீஸே இல்லை, ஆனா நிறைய வகுப்பு ஜெர்மன்ல நடக்கும்.

"பெரிய பேரு உதவாதா?"ன்னு கேப்பீங்க. உதவும். சார்லஸ் கொரியா 1955ல எம்.ஐ.டி.யில முடிச்சுட்டு வந்துதான் பம்பாய்ல தொழில் ஆரம்பிச்சார். ஆனா 2018ல பிரிட்ஸ்கர் பரிசு வாங்கின முதல் இந்தியர் பி.வி. தோஷி, பாரீஸ்ல லெ கொர்பூசியேகிட்ட வேலை பார்த்துக் கத்துக்கிட்டவர். ரெண்டு பேரும் கட்டினது நம்ம வெயிலுக்கு.

அதனால தம்பி தங்கச்சிகளே, அப்ளை பண்றதுக்கு முன்னாடி காலேஜுக்கு மெயில் போட்டுக் கேளுங்க: அங்கீகாரம் இருக்கா? ஸ்டெம் வகையா? எத்தனை வருஷம், மொத்தம் எவ்வளவு? இந்த மூணுக்கும் பதில் வந்தப்புறம் ராங்க்கைப் பாருங்க.

டிஸ்கி: நான் ஆர்க்கிடெக்ட் இல்லை, சாஃப்ட்வேர்காரன். விஷயம் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல கும்மலாம்.