பெட்டியில் இருந்தால் மட்டும் போதுமா?

ஒரு புரோகிராம் ஒரு பங்ஷனை அழைக்கும்போது, வேலை முடிந்து எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி ஸ்டேக் என்னும் மெமரிப் பகுதியில் எழுதப்படுகிறது. ஹேக்கர்கள் குறி வைப்பது இந்த முகவரியைத்தான். இதைத் தடுக்க வந்ததே ஷேடோ ஸ்டேக். பிராசசரே முகவரியின் நகல் ஒன்றைத் தனியே வைத்திருந்து, திரும்பும்போது இரண்டையும் ஒப்பிடும். பொருந்தாவிட்டால் புரோகிராம் நிறுத்தப்படும்.

இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் இவ்வசதி 2020-ல் வந்தது. சாதாரண புரோகிராம்களுக்கு லினக்ஸ் கெர்னல் இதைத் தந்தது 2023-ல், 6.6 பதிப்பில். கெர்னலுடன் வரும் விளக்கக் குறிப்பில் ஒரு செய்தி முக்கியமானது. கெர்னல் தானாக இதை இயக்காது. புரோகிராமோ, அதை ஏற்றும் லோடரோதான் கேட்டு இயக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், புது பிராசசர் வாங்கியவர் பாதுகாப்பு இருப்பதாகவே நம்பியிருப்பார்.

எனவே டாகுமென்டேஷனைச் சரிபார்ப்பவர், ஒரு வசதி எப்போது வேலை செய்யாது என்பதும் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புரோகிராமில் உள்ள பிழையைப் போலவே, விடுபட்ட ஒரு வரியும் ஆபத்தானதுதான். நீங்களும் புது கம்ப்யூட்டர் வாங்கும்போது, "இந்த வசதி இருக்கிறதா?" என்பதோடு, "இயங்குகிறதா?" என்றும் கேளுங்கள்.