அப்பா வழி மட்டும்தான் கணக்கா? கலப்புக் குடும்பங்களின் கதையைத் தேடும் ஆவணப்படங்கள்: ராமநாதபுரம் முதல் நியூயார்க் வரை

சிவகாசி என்றாலே கேமராவுக்கு ரெண்டு விஷயம்தான் தெரியும்: தீபாவளி விற்பனை, ஆலை விபத்து. சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படமும் இந்தப் பகுதியின் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றியதுதான். அவசியமான படம் அது. ஆனால் வெளியிலிருந்து வந்த கேமரா. இதே ஊர்க்காரர் ஒருவர் செல்போனை எடுத்துத் தன் வீட்டுப் பாட்டியிடம், "உங்க அம்மா யாரு?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? சில வீடுகளில் அந்தப் பதில் கடல் கடந்து போகும்.

விருதுநகருக்கும் பர்மாவுக்கும் என்ன தொடர்பு?

விருதுநகர் மாவட்டம் உருவானது 1985-ல்தான். அதற்கு முன் இந்தப் பகுதி பிரிக்கப்படாத ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. பிரிட்டிஷ் காலத்தில் தமிழகத்திலிருந்து பர்மாவுக்கு அதிகம் பேர் போன மாவட்டங்களில் அதுவும் ஒன்று. வட்டித்தொழில், கடை, துறைமுகக் கூலி, வயல்வேலை என்று போனார்கள். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இருந்த இந்தியர்கள் சுமார் 10 லட்சம். ரங்கூன் நகரில் பாதிக்கும் மேல் இந்தியர்கள்தான்.

போனவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பர்மியப் பெண்களை மணந்தவர்களும் உண்டு. இந்திய முஸ்லிம் ஆணுக்கும் பர்மியப் பெண்ணுக்கும் பிறந்தவர்களை 'ஜெர்பாதி' என்று தனிப்பெயரிட்டே அழைத்தார்கள். இந்தத் திருமணங்கள் அங்கே அரசியல் பிரச்னையும் ஆனது. 1938-ல் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. இந்தியர்களை மணக்கும் பௌத்தப் பெண்களின் உரிமை பற்றிய கோபமும் அதன் பின்னணியில் இருந்தது. அடுத்த ஆண்டே பௌத்தப் பெண்களின் திருமணம், வாரிசுரிமைக்குத் தனிச் சட்டம் வந்தது.

பிறகு என்ன நடந்தது?

இரண்டு முறை கிளம்ப வேண்டி வந்தது. ஜப்பான் படையெடுத்தபோது, 1942-ல் லட்சக்கணக்கானோர் காடு, மலை வழியாக நடந்தே வந்தார்கள். 1962-ல் ஆட்சியைப் பிடித்த நே வின், 1964-ல் கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமை ஆக்கியதும் அடுத்த அலை வந்தது. பர்மா காலனிகள், சென்னை பர்மா பஜார், தாயகம் திரும்பியோருக்காக 1969-ல் தொடங்கிய ரெப்கோ வங்கி எல்லாம் அந்த அலையின் அடையாளங்கள். மணிப்பூர் எல்லையில் உள்ள மோரேயில் இன்றும் தமிழர்கள் வாழ்கிறார்கள்.

ஊர் திரும்பிய பிறகு அப்பாவின் ஊர், அப்பாவின் சாதி, அப்பாவின் குலசாமி என்று வாழ்க்கை அமைந்தது. பர்மிய அம்மாவின் பெயரும் மொழியும் அடுத்த தலைமுறைக்குள் மங்கிப்போவது சுலபம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அதுவும் அப்பா வழியைத்தான் பார்க்கிறது. ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை அரசியலமைப்பின் 366(2) பிரிவு வரையறுக்கிறது. தந்தையோ, தந்தை வழி ஆண் முன்னோரோ ஐரோப்பிய வம்சாவளியாக இருக்க வேண்டும். தாய் வழியில் மட்டும் அந்தத் தொடர்பு இருந்தால் இதில் சேராது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் இருந்த ஆங்கிலோ இந்திய நியமன இடங்கள் 2020 ஜனவரி 25-உடன் முடிவுக்கு வந்தன. அதற்கான விவாதத்தில் மத்திய அரசு சொன்ன 2011 கணக்கெடுப்பு எண்ணிக்கை, நாடு முழுக்க வெறும் 296 பேர். அந்தச் சமூகத்தினர் இதை ஏற்கவில்லை. ஆக, தாளில் இருப்பது வேறு, வீட்டில் இருப்பது வேறு.

சாதி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2012-ல் ரமேஷ்பாய் நாயிகா வழக்கில் கொஞ்சம் நகர்ந்தது. கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் சாதி என்பது ஒரு அனுமானம் மட்டுமே, அந்தப் பிள்ளை எப்படி வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்றது.

ஆவணப்படம் இதில் என்ன செய்ய முடியும்?

நியூயார்க் நகைச்சுவைக் கலைஞர் அலாவுதீன் உல்லாவும் விவேக் பால்டும் இணைந்து இயக்கிய 'இன் சர்ச் ஆஃப் பெங்காலி ஹார்லெம்' 2022-ல் வந்தது. 1920-களில் கப்பலிலிருந்து இறங்கி ஹார்லெமில் குடியேறிய கிழக்கு வங்காளத் தந்தையைத் தேடிப்போகிறார் மகன். தந்தையின் முதல் மனைவி போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். அப்பாவைத் தேடிக் கிளம்பிய படம், பெரிதாகக் கவனிக்கப்படாத தன் அம்மாவின் வாழ்க்கைக்கும் போய்ச் சேர்கிறது.

லேசி ஷ்வார்ட்ஸின் 'லிட்டில் ஒயிட் லை' (2014) இன்னும் நெருக்கமானது. வெள்ளை யூதக் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். தன்னைப் பெற்ற தந்தை கறுப்பினத்தவர் என்ற உண்மையை, கேமரா முன் தன் அம்மாவிடமே பேசுகிறார்.

இரண்டு படங்களிலும் அரசு ஆவணம் ஒரு கதை சொல்கிறது, சமையலறை வேறு கதை சொல்கிறது.

இப்போது ஏன் அவசரம்?

1942-ல் 10 வயதுச் சிறுவனாக நடந்து வந்தவருக்கு இன்று வயது 90-ஐத் தாண்டிவிட்டது. 1964-ல் 20 வயதில் வந்தவர் 80-ஐக் கடந்திருப்பார். பழைய பாஸ்போர்ட், ஸ்டுடியோ போட்டோ, அதன் பின்னால் பர்மிய எழுத்தில் ஒரு பெயர் - வீடு மாற்றும்போது முதலில் குப்பைக்குப் போவது இவைதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மறைத்த விஷயத்துக்குப் பின்னால் வலி இருக்கலாம். அங்கே ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் இருந்திருக்கலாம். அதனால் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள், வெளியிடுவதற்கு முன் இன்னொரு முறை கேளுங்கள். பாட்டி வேண்டாம் என்றால் அது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

துளசேந்திரபுரம் கிராமம் கமலா ஹாரிஸைத் தன் பேத்தியாகக் கொண்டாடியது அவருடைய அம்மா வழியில்தான். துணை அதிபராக இருந்தவருக்கு அம்மா ஊர் கணக்கில் வருமென்றால், பர்மாவில் பிறந்த நம்ம பாட்டிக்கும் அது வரத்தானே வேண்டும்?