எல்லாருக்கும் ஒரே பாய்... இதுவா நியாயம்?

கெங்கவல்லிப் பக்கம் களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? காற்று மந்தமாக இருந்தால் முறத்தைத் தலைக்கு மேலே தூக்கி நிதானமாகச் சரிப்பார்கள். பலமாக அடித்தால் கீழே இறக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் பதரோடு நெல்லும் சேர்ந்து பறந்துவிடும். ஒரு அதிகாரி வந்து, "குட்டையோ நெட்டையோ, எல்லாரும் முறத்தை ஒரே உயரத்தில்தான் பிடிக்க வேண்டும். அதுதான் சமத்துவம்" என்று சட்டம் போட்டால் களமே சிரிக்கும்.

ஆனால் ஒலிம்பிக் விண்ட்சர்ஃபிங்கில் இதே மாதிரிச் சட்டத்தை எல்லாரும் பயபக்தியோடு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்!

கடலையே பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு பலகை, அதில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பாய். இன்ஜின் கிடையாது. பலகை மேல் நின்று, பாயைக் கையில் பிடித்துக் காற்றிலேயே ஓட்ட வேண்டும். 2008 பெய்ஜிங் முதல் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை ஆர்எஸ்:எக்ஸ் என்ற பலகை. ஆண்களுக்கு 9.5 சதுர மீட்டர் பாய், பெண்களுக்கு 8.5. 2024 பாரிஸில் அது போய், தண்ணீருக்குள் இறக்கை வைத்த ஐக்யூஃபாயில் வந்தது. பாய் 9 மற்றும் 8. தென்றலோ சூறைக்காற்றோ அதே பாய். ஆள் 65 கிலோவோ 95 கிலோவோ அதே பாய்.

இதில் என்ன தப்பு? கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விசை நான்கு மடங்கு. 8 நாட் காற்று 24 நாட் ஆனால் ஒன்பது மடங்கு! அந்த விசையைத் தாங்க ஓட்டுபவரிடம் இருப்பது உடம்பின் எடைதான். பலத்த காற்றில் கனமானவர் சாய்ந்து நின்று பறப்பார். ஒல்லியானவர் பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பார். மந்தமான காற்றில் கதை தலைகீழ். ஒல்லியானவர் சீக்கிரம் கிளம்பிவிடுவார், கனமானவர் பாயை விசிறி மாதிரி ஆட்டி ஆட்டிக் களைத்துப்போவார். ஆகப் பதக்கத்தில் பாதியைத் தீர்மானிப்பது அன்றைய வானிலை.

"பாயைச் சரிசெய்துகொள்ளலாமே" என்பார்கள். உண்மைதான். கீழ்நோக்கி இழுக்கும் கயிற்றை இறுக்கினால் பாயின் மேல்பகுதி தளர்ந்து, அதிகப்படியான காற்றை வெளியே விட்டுவிடும். தளர்த்தினால் பாய் தொப்பை போட்டு, இருக்கிற கொஞ்சம் காற்றையும் பிடித்துக்கொள்ளும். பந்தயப் பாயின் கெட்டியான குறுக்குக் கம்புகள் இந்த வடிவத்தைக் கலையாமல் காக்கும். எல்லாம் சரி. ஆனால் வடிவம்தான் மாறும், பரப்பளவு மாறாது. சட்டை பெரிதாக இருந்தால் கையை மடித்து விட்டுக்கொள்ளலாம். அதற்காக அது நம் அளவுச் சட்டை ஆகிவிடுமா?

அடுத்த வாதம், செலவு. "ஆளுக்கு மூன்று பாய் என்றால் ஏழை நாடுகள் என்ன செய்யும்?" என்று நம் மேல் ரொம்ப அக்கறை! மூன்று பாய் யார் கேட்டது? எடைக்கேற்ற ஒரே ஒரு பாய் போதும். செலவு ஒரு பைசா கூடாது.

நடக்காத காரியமா? ஐஎல்சிஏ படகைப் பாருங்கள். படகின் உடல் ஒன்று, பாய் மூன்று அளவு. ஐஎல்சிஏ 4-க்கு 4.7 சதுர மீட்டர், 6-க்கு 5.76, 7-க்கு 7.06. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் நேஹா தாக்கூர் ஐஎல்சிஏ 4-ல் வெள்ளி வாங்கினார். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் ஐஎல்சிஏ 7-ல் வெண்கலம். பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டுவது ஐஎல்சிஏ 6. ஆளுக்கேற்ற பாய் இருந்ததால்தானே இவர்கள் அந்தப் படகில் நிலைத்தார்கள்?

விண்ட்சர்ஃபிங்கில் என்ன ஆனது? அதே ஹாங்சோவில் ஈபாத் அலி ஆர்எஸ்:எக்ஸில் வெண்கலம் வென்றார். ஆனால் அந்தப் பலகை ஏற்கெனவே ஒலிம்பிக்கை விட்டுப் போயிருந்தது! புதிய ஐக்யூஃபாயிலுக்கு மாறிய ஆண்களில் பலர் உடல் எடையை ஏற்ற வேண்டியிருந்தது. பாய் ஆளுக்குப் பொருந்தவில்லை, அதனால் ஆளைப் பாய்க்குப் பொருத்துகிறார்கள். பளுதூக்குதல், குத்துச்சண்டை, மல்யுத்தம் எல்லாவற்றிலும் எடைப் பிரிவு உண்டு. அங்கே யாரும் அதை அநியாயம் என்பதில்லை.

நம் ஊர்ப் பையன் ஒருவன் 58 கிலோ உடம்போடு சென்னைக்குப் போய், ஆசைப்பட்டு இந்த விளையாட்டைக் கற்றுக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுப் பாயைக் கையில் கொடுத்து, "எல்லாருக்கும் இதேதான்ப்பா, சமம்" என்று சொல்வது கெட்டிக்காரத்தனமான ஏமாற்று. உலக அமைப்பு விதியை மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே நடக்கும் உள்ளூர்ப் பந்தயங்களில் எடைக்கேற்ற பாயை இன்றே அனுமதிக்கலாம். தூற்றுகிற ஆளின் உயரத்துக்கும் அன்றைய காற்றுக்கும் தக்கபடி முறத்தைப் பிடிக்கட்டும். நெல் யாருடையது, பதர் யாருடையது என்பது அப்புறம் தெரியும்.